பழைய வெப்பநிலைப் பதிவுகளைத் திருத்துவது முறையா? வகுப்பறையில் எழுந்த ஓர் ஐயம்

கேள்வி: கணக்காசிரியர்

அனைவருக்கும் வணக்கம். நான் மேல்நிலை வகுப்புகளுக்குக் கணிதம் கற்பிப்பவன். புள்ளியியல் பாடம் வரும்போது உண்மையான தரவு ஒன்றை எடுத்துக்கொண்டு, சராசரி, திட்ட விலக்கம், போக்குக்கோடு ஆகியவற்றை மாணவர்களையே கணக்கிடச் சொல்வது என் வழக்கம். இம்முறை ஒரு வானிலை நிலையத்தின் நூறாண்டு வெப்பநிலைப் பதிவை எடுத்துக்கொண்டோம். அந்த ஒரே நிலையத்துக்கு இரண்டு கோப்புகள் கிடைத்தன. ஒன்று, நிலையத்தில் எழுதப்பட்டபடியே உள்ளது, மற்றொன்று, திருத்தப்பட்டது. முதல் கோப்பில் போக்குக்கோடு ஏறக்குறையப் படுத்தே கிடக்கிறது. இரண்டாவதில் தெளிவாக மேலேறுகிறது. உற்றுப் பார்த்தால், திருத்தப்பட்ட கோப்பில் பழைய ஆண்டுகளின் எண்கள் குறைக்கப்பட்டிருக்கின்றன.

அப்போது ஒரு மாணவி எழுந்து, “ஐயா, ஆய்வகத்தில் எடுத்த அளவீட்டை நாங்கள் பிறகு மாற்றி எழுதினால் மதிப்பெண் குறைகிறது. இவர்கள் மாற்றினால் மட்டும் அது எப்படி அறிவியல் ஆகும்?” என்று கேட்டாள். நியாயமான கேள்வி. அரைகுறையாக எதையாவது சொல்லி அவள் வாயை அடைப்பதைவிட, விவரம் அறிந்து அடுத்த வாரம் சொல்கிறேன் என்று தவணை கேட்பதே மேல் என்று எனக்குப் பட்டது.

என் பங்குக்கும் ஓர் ஐயம் உண்டு. தனியொரு வெப்பமானியை அரை டிகிரிக்குத் துல்லியமாகப் படிப்பதே எளிதன்று. அப்படியிருக்க, உலகின் சராசரி வெப்பநிலை முந்தைய சாதனையை 0.02 டிகிரியில் முறியடித்தது என்று செய்தி வருகிறதே, அந்த இரண்டாவது தசம இடத்துக்கு என்ன மதிப்பு இருக்க முடியும்?

கரியமில வாயு வெப்பத்தைத் தடுத்து வைக்கிறது என்பதிலோ, மௌனா லோவா மலையில் 1958-இல் அளக்கத் தொடங்கியபோது பத்து லட்சத்தில் 315 பங்காக இருந்த அந்த வாயு இப்போது 420-ஐத் தாண்டிவிட்டது என்பதிலோ எனக்கு ஐயம் இல்லை. என் கேள்வி வெப்பநிலை அளவீட்டைப் பற்றியது மட்டுமே. வகுப்பில் அந்தப் பெண்ணின் முன் நின்று சொல்லத்தக்க விடை வேண்டும்.

மறுமொழி 1: ஓய்வுபெற்ற நோக்கர்

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம். முப்பது ஆண்டுகளுக்கு மேல் வானிலை நோக்கராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். எழுதப்பட்டபடியே உள்ள கோப்பு என்று நீங்கள் சொல்கிறீர்களே, அப்படிப்பட்ட கோப்புகளை எழுதிய கைகளுள் என் கையும் ஒன்று. ஆகையால் அந்த எண் எப்படிப் பிறக்கிறது என்பதிலிருந்து தொடங்குகிறேன்.

வெள்ளை வண்ணம் பூசி, நாற்புறமும் சாய்ந்த பலகைகள் அடித்த மரக்கூண்டு ஒன்று புல்தரைக்கு மேல் ஆள் உயரத்தில் நிற்கும். ஸ்டீவன்சன் கூண்டு என்று அதற்குப் பெயர். காற்று உள்ளே நுழைய வேண்டும், வெயில் நுழையக் கூடாது என்பதுதான் அதன் அமைப்பு. கதவைத் திறந்தவுடன் முதலில் தசமத்தைப் படித்துக்கொண்டு, அதன் பிறகே முழு எண்ணைப் படிக்க வேண்டும் என்று எங்களுக்குக் கற்றுக்கொடுத்தார்கள். நம் மூச்சும் உடற்சூடும் பட்டாலே பாதரசம் நகரத் தொடங்கிவிடும் என்பதுதான் காரணம். கண்ணைப் பாதரச முனைக்கு நேர்மட்டத்தில் வைக்காமல் சற்று மேலிருந்து பார்த்தால் ஓர் எண்ணும், கீழிருந்து பார்த்தால் வேறோர் எண்ணும் தெரியும். குள்ளமான நோக்கர் மாறி உயரமானவர் வேலைக்கு வந்தால்கூடப் பதிவில் சிறு மாற்றம் வர இடமுண்டு.

இவை சிறிய பிழைகள். பெரிய பிழை எங்கிருந்து வருகிறது என்பதை அதிகபட்ச வெப்பமானியை வைத்துச் சொல்கிறேன். அதன் குமிழுக்குச் சற்று மேலே குழாய் மிகவும் குறுகியிருக்கும். சூட்டில் ஏறிய பாதரசம் தானாக இறங்காது. எடுத்து உதறினால்தான் இறங்கி, அந்த நேரத்து வெப்பநிலையில் வந்து நிற்கும். இப்போது திங்கட்கிழமை மாலை ஐந்து மணிக்கு ஒரு நோக்கர் போய்ப் பார்க்கிறார் என்று வையுங்கள். அன்றைய அதிகபட்சம் 38 டிகிரி. எழுதிவிட்டு உதறுகிறார். மாலை ஐந்து மணிக்கும் வெக்கை தணியாததால் பாதரசம் 36-இல் வந்து நிற்கிறது. மறுநாள் மேகம் மூடி, பகல் முழுவதும் 31-ஐத் தாண்டவில்லை. ஆனால் செவ்வாய் மாலை ஐந்து மணிக்கு அவர் திரும்பப் போய்ப் பார்க்கும்போது கருவி 36 என்றே காட்டும். அவரும் செவ்வாயின் அதிகபட்சம் 36 என்று எழுதுவார். அவர் மீது எந்தக் குற்றமும் இல்லை. கருவி காட்டியதைத்தான் எழுதினார். ஆனாலும் ஒரே வெப்பம் இரண்டு நாள் கணக்கில் ஏறிவிட்டது. காலையில் படித்து உதறும் நிலையத்தில் இதற்கு நேர்மாறு நடக்கும். ஒரே குளிர்ந்த விடியல் இரண்டு நாள் குறைந்தபட்சமாகப் பதிவாகும்.

அமெரிக்காவில் தன்னார்வ நோக்கர்கள் பல்லாயிரம் பேர் நெடுங்காலம் மாலையில்தான் படித்து வந்தார்கள். மழைமானியில் தேங்கிய நீர் பகல் வெயிலில் ஆவியாகிவிடக் கூடாது என்பதற்காகக் காலையில் அளக்கும் வழக்கம் இருபதாம் நூற்றாண்டின் போக்கில் பரவியது. மழைக்கணக்கு திருந்தியது, வெப்பக்கணக்கில் இல்லாத ஒரு குளிர்ச்சி நுழைந்தது. உங்கள் முதல் கோப்பில் இருப்பவை இத்தகைய எண்கள். அவை பொய்யான எண்கள் அல்ல என்றாலும், 1930-ஆம் ஆண்டு எண்ணும் 1990-ஆம் ஆண்டு எண்ணும் ஒரே கேள்விக்கு விடை சொல்லவில்லை.

இன்னொன்றையும் மனம் விட்டுச் சொல்ல வேண்டும். நான் பணிபுரிந்த ஓர் இடத்தில் கூண்டு முதலில் ஒரு கட்டடத்துக்கு அருகே இருந்தது. பிறகு அந்தக் கட்டடத்தை நீட்டி, முன்னால் தார் போட்டார்கள். இரண்டு கோடைகள் கழிந்த பின்னரே கூண்டைத் திறந்த வெளிக்கு மாற்றினார்கள். மாற்றிய மறுநாளே அதிகபட்சம் இறங்கியதை நான் கண்ணால் கண்டேன். அந்த மாற்றத்தைப் பதிவேட்டில் குறிக்க வேண்டும் என்று இரண்டு முறை சொல்லியும் அது குறிக்கப்படவில்லை. இன்றைக்கும் அந்தப் பதிவில் ஒரு படிக்கட்டு இறங்கி நிற்கும். ஏன் இறங்கியது என்பதற்கு எழுத்தில் சான்று இல்லை. அதைப் பிற்காலத்தவர் எப்படிக் கண்டுபிடிக்க முடியும்? சுற்றியுள்ள ஐந்தாறு நிலையங்களோடு வைத்துப் பார்த்தால்தான் முடியும். அண்டையில் எவருக்கும் இறங்காத வெப்பம் ஒரு நிலையத்தில் மட்டும் ஒரே நாளில் இறங்கினால், மாறியது வானிலை அன்று, கூண்டு என்று தெரிந்துவிடும். ஊருக்குள் கட்டடக் கூரைகளில் இருந்த நிலையங்கள் பல, விமான நிலையங்களின் திறந்த வெளிக்கு இடம்பெயர்ந்தன. அவற்றை ஒப்பிடத்தக்கவை ஆக்க வேண்டுமானால் பழைய எண்களைத்தான் குறைக்க வேண்டும். உங்கள் நிலையத்தின் வரலாற்றிலும் அப்படி ஓர் இடமாற்றம் இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள்.

மறுமொழி 2: கடல்நீர்

பெரியவர் நிலத்தைப் பற்றிச் சொன்னார். புவியின் மேற்பரப்பில் நூற்றுக்கு எழுபது பங்குக்கு மேல் கடல் என்பதால், உலகச் சராசரியில் கடலின் எண்ணே பெரும்பங்கு வகிக்கிறது. திருத்தங்களுள் மிகப் பெரியதும் அங்கேதான் நடக்கிறது. ஆனால் பொது விவாதத்தில் அதைப் பற்றி ஏனோ அதிகம் பேசுவதில்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் கடல்நீரின் வெப்பநிலையை அளப்பதென்றால், ஓடும் கப்பலின் மேல்தளத்திலிருந்து கயிறு கட்டிய வாளியைக் கடலில் எறிந்து, நீரை மொண்டு இழுத்து, அதில் வெப்பமானியை வைத்துச் சில நிமிடங்கள் காத்திருந்து படிப்பதுதான். முதலில் மரவாளி, பிறகு கித்தான் வாளி. ஈரமான கித்தானின் மேல் கடற்காற்று வீசினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். மண்பானைத் தண்ணீர் குளிர்வதைப் போல வாளித் தண்ணீரும் குளிரும். ஆகவே பழைய பதிவுகள் உண்மையான கடலைவிடக் குளிர்ச்சியாக உள்ளன. பிறகு நீராவி எந்திரங்களைக் குளிர்விக்க உள்ளிழுக்கும் நீரின் வெப்பநிலையை எந்திர அறையிலேயே படிக்கத் தொடங்கினார்கள். அங்கே எந்திரத்தின் சூடு பட்டு எண் சற்றுக் கூடுதலாக வரும். கடைசியாக வந்தவை தானியங்கி மிதவைகள். அவை கப்பல்களைவிட ஏறக்குறைய 0.12 டிகிரி குறைவாகக் காட்டுகின்றன, துல்லியமானவையும் அவையே.

இரண்டாம் உலகப் போரின்போது இரவில் விளக்கை ஏந்திக்கொண்டு மேல்தளத்துக்கு வருவது பகைவருக்கு இருப்பிடத்தைக் காட்டிக்கொடுக்கும் என்பதால், எந்திர அறை அளவீடுகளின் பங்கு கூடியது. அமெரிக்கக் கப்பல்களின் பதிவுகளும் பெருகின. 1945-இல் போர் ஓய்ந்ததும் வாளியால் அளந்த பிரிட்டிஷ் கப்பல்களின் பதிவுகள் மீண்டும் மிகுந்தன. கடலின் வெப்பநிலை அந்த ஆண்டில் சட்டென்று ஏறக்குறைய 0.3 டிகிரி இறங்கியதுபோல் பதிவில் தெரிகிறது. அது கடல் குளிர்ந்ததால் வந்த இறக்கம் அன்று, அளவிடும் முறை மாறியதால் வந்தது என்பது 2008-இல் வெளியான ஓர் ஆய்வில் விளக்கப்பட்டது.

இப்போது அந்த மாணவியின் கேள்விக்கு வருகிறேன். வாளிப் பதிவுகளின் குளிர்ச்சியை ஈடுகட்டினால் பழைய காலத்து எண்கள் உயரும். பழைய எண்கள் உயர்ந்தால், அன்றைக்கும் இன்றைக்கும் உள்ள வேறுபாடு குறையும். அதாவது, நிலத்தையும் கடலையும் சேர்த்துப் பார்த்தால், 1880 முதல் இன்று வரை செய்யப்பட்ட எல்லாத் திருத்தங்களின் மொத்த விளைவு புவி வெப்பமாதலைக் கூட்டிக் காட்டுவது அன்று, குறைத்துக் காட்டுவதுதான். எவராவது வெப்பமாதலை ஊதிப் பெருக்க விரும்பியிருந்தால் திருத்தம் எதையும் செய்யாமல் பேசாமல் இருந்திருந்தாலே போதும். இந்த ஒரு செய்தியைத் தெரிந்துகொள்ளாமலேயே திருத்தம் என்றால் திரிபு என்று எழுதிக்கொண்டிருப்பவர்களைப் பார்க்கும்போது எனக்கு உண்மையில் வருத்தமாக இருக்கிறது.

இன்னொன்று. ஆய்வகத்தில் அந்த மாணவி வெர்னியர் அளவியைப் பயன்படுத்தியிருப்பாள். சுழிப்பிழை, அதாவது எதையும் அளக்காதபோதும் கருவி சுழியைக் காட்டாத பிழை, இருந்தால் என்ன செய்கிறாள்? கண்ட அளவை அப்படியே எழுதுகிறாள். பக்கத்தில் சுழிப்பிழையை எழுதுகிறாள். மூன்றாவது பத்தியில் திருத்திய அளவை எழுதுகிறாள். அதற்கு மதிப்பெண் குறைவதில்லை, செய்யாவிட்டால்தான் குறையும். முதல் பத்தியை அழித்துவிட்டு எழுதினால் அது மோசடி. இங்கேயும் முதல் பத்தி அழிக்கப்படவில்லை. உங்களுக்கு இரண்டு கோப்புகள் கிடைத்ததே அதற்குச் சான்று.

மறுமொழி 3: மாற்றுக்கருத்து

நான் இங்கே பலரோடும் மாறுபடுபவன். எனினும் வாதத்துக்காக வாதிடுபவன் அல்லன். புவி வெப்பமாகியிருக்கிறது என்பதை ஏற்கிறேன். எவ்வளவு, எந்த வேகத்தில் என்பதில்தான் எனக்குத் தயக்கம்.

அண்டை நிலையங்களோடு ஒப்பிட்டுத் திருத்துவது நல்ல முறை என்று பெரியவர் சொன்னார். அண்டை நிலையங்கள் ஆறில் ஐந்து, வளர்ந்துகொண்டே போகும் நகரங்களுக்குள் இருந்தால் என்ன ஆகும்? நகரத்தின் சூட்டுக்கு ஆட்படாத அந்த ஒரே நிலையம்தான் மற்றவற்றோடு ஒத்துப்போகாத நிலையமாகத் தெரியும். நல்லதைக் கெட்டதற்கு ஏற்பத் திருத்தும் நிலை வராது என்று யார் உறுதி சொல்வது?

இரண்டாவது, செயற்கைக்கோள்கள். 1978-ஆம் ஆண்டின் இறுதி முதல் அவை வளிமண்டலத்தின் வெப்பநிலையை அளந்து வருகின்றன. அலபாமா பல்கலைக்கழகத்தின் ராய் ஸ்பென்சரும் ஜான் கிறிஸ்டியும் தொகுத்து வரும் தரவில் வெப்பமாதல் பத்தாண்டுக்கு ஏறக்குறைய 0.15 டிகிரி. நிலமும் கடலும் சேர்ந்த மேற்பரப்புத் தரவுகளில் அதே காலத்துக்கு 0.2-ஐ நெருங்குகிறது. நகரமும் தாரும் வாளியும் இல்லாத அளவீட்டில் ஏன் குறைகிறது?

மூன்றாவது, நம்பிக்கை. 2009 நவம்பரில் கிழக்கு ஆங்கிலியா பல்கலைக்கழகத்தின் பருவநிலை ஆய்வுப் பிரிவிலிருந்து கசிந்த மின்னஞ்சல்களைப் படித்தவன் நான். தரவைக் கேட்டவர்களுக்குக் கொடுக்கத் தயங்கிய மனநிலை அவற்றில் தெரிந்தது. கணக்கு சரியாகவே இருந்தாலும், கணக்கைக் காட்ட மறுப்பவரை நம்புவது எனக்கு எளிதாக இல்லை.

மறுமொழி 4: புள்ளியியலாளர்

தரவுப் பகுப்பாய்வு என் தொழில். நீண்ட மறுமொழிக்குப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஆசிரியர் கேட்ட தசம இடம். வெப்பநிலையை முழு டிகிரிக்கு முழுமையாக்கினால், ஒவ்வோர் எண்ணிலும் வரும் பிழையின் திட்ட விலக்கம் ஒன்றின் கீழ் பன்னிரண்டின் வர்க்கமூலம், அதாவது ஏறக்குறைய 0.29. ஒன்றையொன்று சாராத ஆயிரம் அளவீடுகளின் சராசரியில் அந்தப் பிழை ஆயிரத்தின் வர்க்கமூலத்தால் வகுபட்டு 0.009 ஆகச் சுருங்கிவிடும். இதை உங்கள் மாணவர்கள் ஒரு பாடவேளையில் செய்து பார்த்துவிடலாம். ஆயிரக்கணக்கான நிலையங்கள், நாளுக்கு இரண்டு அளவீடு, ஆண்டுக்கு 365 நாள் என்றால் முழுமையாக்கும் பிழை இல்லாததற்குச் சமம்.

ஆனால் இது எந்தப் பக்கமும் சாயாத பிழைக்கு மட்டுமே பொருந்தும். எல்லா வாளிகளும் குளிர்ச்சியின் பக்கமே சாய்ந்திருந்தால், கோடி வாளிகளைச் சேர்த்தாலும் அந்தச் சாய்வு அப்படியே நிற்கும். ஆசிரியர் தனித்தனியாக எழுப்பிய இரண்டு ஐயங்களும் சந்திக்கும் இடம் இதுதான்: சிதறும் பிழையைச் சராசரி தீர்த்துவிடுகிறது, சாயும் பிழையைச் சராசரியால் தீர்க்க முடியாது என்பதால்தான் திருத்தம் தேவைப்படுகிறது.

அப்படியும் எஞ்சும் ஐயப்பாட்டை நாசா தன் தரவுக்கு வெளிப்படையாகக் கணக்கிட்டிருக்கிறது. அண்மைப் பத்தாண்டுகளின் ஆண்டுச் சராசரிக்குக் கூட்டியோ குறைத்தோ ஏறக்குறைய 0.05 டிகிரி, 1880-களை ஒட்டிய ஆண்டுகளுக்கு ஏறக்குறைய 0.15 டிகிரி. ஆகவே 0.02 டிகிரியில் சாதனை முறியடிக்கப்பட்டது என்ற தலைப்புச் செய்தியைப் பற்றி நீங்கள் ஐயுற்றது சரியே. 2014-ஆம் ஆண்டே மிக வெப்பமான ஆண்டு என்று அறிவித்தபோது, அது உண்மையில் முதலிடத்தில் இருப்பதற்கான நிகழ்தகவு 38 விழுக்காடு என்று நாசா தானே சொன்னது. வேறெந்த ஆண்டுக்கும் அவ்வளவு நிகழ்தகவு இல்லை என்பதால் முதலிடம். செய்தித்தாள்களுக்கு முதல் பாதி மட்டும் போய்ச் சேர்ந்தது. ஆனால் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியிலிருந்து இன்று வரையிலான உயர்வு ஒரு டிகிரிக்கு மேல். 0.15 டிகிரி ஐயப்பாடு அதை அசைக்காது.

மாற்றுக்கருத்து நண்பரின் முதல் கேள்வியை நான் மதிக்கிறேன். நகரத்தின் சூடு திருத்தத்தின் வழியே கிராமப்புற நிலையத்துக்குத் தொற்றக்கூடும் என்பது ஆய்வாளர்களும் எடுத்துக்கொண்டு ஆராயும் சிக்கல்தான். அதைச் சோதிக்க வழியும் உண்டு. அமெரிக்காவில் நகரங்களிலிருந்து விலகிய, நெடுங்காலம் மாறாத இடங்களில், ஒவ்வொரு நிலையத்திலும் மூன்று தனித்தனி வெப்பமானிகளோடு நூற்றுக்கு மேற்பட்ட ஒப்பீட்டு நிலையங்களை அமைத்தார்கள். அவற்றின் அளவுகளில் திருத்தம் செய்ய வேண்டிய தேவையே இல்லை. 2005 முதல் அவை காட்டும் போக்கும், பழைய நிலையங்களின் திருத்தப்பட்ட போக்கும் ஒட்டியே செல்கின்றன. கடலில் நகரமே இல்லை. அங்கும் வெப்பம் ஏறுகிறது. புவியில் சேரும் கூடுதல் வெப்பத்தில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் கடலுக்குள்தான் போகிறது. அதை அளக்க ஏறக்குறைய நாலாயிரம் ஆர்கோ மிதவைகள் இரண்டாயிரம் மீட்டர் ஆழம் வரை இறங்கி, பத்து நாளுக்கு ஒருமுறை மேலே வந்து, அளவுகளை அனுப்பிக்கொண்டிருக்கின்றன. என்னைக் கேட்டால், மேற்பரப்பு வெப்பநிலையைவிடக் கடலில் சேர்ந்துள்ள வெப்பத்தின் அளவே புவி வெப்பமாதலுக்குச் சிறந்த அளவுகோல். பசிபிக் கடலின் மேற்பரப்பைச் சூடாக்கும் எல் நினோ ஓராண்டு வந்தாலும் போனாலும் அது அவ்வளவாகத் தள்ளாடுவதில்லை.

அடுத்து, செயற்கைக்கோள். அது வெப்பமானியைத் தூக்கிக்கொண்டு பறப்பதில்லை என்பதை முதலில் மனத்தில் கொள்ள வேண்டும். வளிமண்டலத்தின் ஆக்சிஜன் மூலக்கூறுகள் உமிழும் நுண்ணலைகளை அளந்து, அதிலிருந்து பல கிலோமீட்டர் தடிமனுள்ள ஓர் அடுக்கின் வெப்பநிலையைக் கணக்கிடுகிறார்கள். ஒரு செயற்கைக்கோளின் ஆயுள் சில ஆண்டுகள் என்பதால் பத்துக்கு மேற்பட்டவற்றின் பதிவுகளை ஒன்றோடொன்று ஒட்டியாக வேண்டும். காலப்போக்கில் சுற்றுப்பாதை தாழும்; ஓர் இடத்தைக் கடக்கும் நேரமும் மெல்ல நகரும். பெரியவர் சொன்ன மாலை, காலைச் சிக்கல் விண்வெளியிலும் உண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். 1990-களில் அலபாமா தரவு வெப்பமாதலே இல்லை என்று காட்டியபோது அதை வைத்து எத்தனையோ வாதங்கள் கட்டப்பட்டன. சுற்றுப்பாதை தாழ்வதைக் கணக்கில் கொள்ளவில்லை என்று வென்ட்ஸ், ஷாபெல் ஆகியோர் 1998-இல் காட்டினார்கள். நேர நகர்வுக்கான திருத்தத்தில் கூட்டல், கழித்தல் குறியே மாறியிருந்தது என்று மியர்ஸும் வென்ட்ஸும் 2005-இல் காட்டினார்கள். அலபாமா குழுவினர் பிழையை ஏற்றுத் திருத்தினார்கள், போக்கு உயர்ந்தது. அதே செயற்கைக்கோள்களைக் கொண்டு மற்றொரு குழு தொகுக்கும் தரவு இன்று பத்தாண்டுக்கு 0.2-ஐ ஒட்டி நிற்கிறது. ஒரே மூலத்திலிருந்து இரண்டு குழுக்கள் பெறும் விடைகளுக்கு இடையே இவ்வளவு வேறுபாடு இருக்கையில், திருத்தப்படாத தூய அளவீடு என்று செயற்கைக்கோளைச் சொல்ல இயலாது. எல்லா அளவீடுகளிலும் அதிகமாகத் திருத்தப்படுவது அதுவே.

கடைசியாக, நம்பிக்கை. அந்த மின்னஞ்சல் விவகாரத்தை விசாரித்த குழுக்கள், தரவு புனையப்படவில்லை என்றன. ஆனால் வெளிப்படைத்தன்மை போதவில்லை என்று கண்டித்தன. அந்தக் கண்டிப்பு நியாயமானது; அந்தத் துறை அப்போது தவறு செய்தது என்று நானும் சொல்வேன். அதே விசாரணையில் இன்னொன்றும் நடந்தது. மூயர் ரஸ்ஸல் தலைமையிலான குழு, பொதுவில் கிடைத்த மூலத்தரவை எடுத்து, தாங்களே நிரல் எழுதி, இரண்டு நாள்களுக்குள் ஏறக்குறைய அதே வரைபடத்தைப் பெற்றது. இதே ஐயங்களோடு தொடங்கியவர்தான் பெர்க்லியின் இயற்பியலாளர் ரிச்சர்ட் முல்லர். முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட நிலையங்களின் தரவை எடுத்துக்கொண்டு, வேறு முறையில், முதலிலிருந்து கணக்கிட்டார். அவருக்கு நிதி அளித்தவர்களுள் புவி வெப்பமாதல் கொள்கைகளை எதிர்த்து வந்த சார்லஸ் கோக்கின் அறக்கட்டளையும் ஒன்று. விடை மற்றவர்களுடையதோடு பொருந்தியது. 2012-இல் அவர் தம் கருத்து மாறிவிட்டதைப் பொதுவில் எழுதினார். இவர்களுக்கெல்லாம் நெடுங்காலம் முன்பே, 1938-இல், கய் கேலண்டர் என்ற நீராவிப் பொறியாளர் 147 நிலையங்களின் பதிவுகளைக் கையாலேயே கணக்கிட்டு நிலம் வெப்பமாகி வருவதாகக் காட்டியிருந்தார். இன்றைய கணக்கும் அவருடைய வரைகோட்டை ஒட்டியே செல்கிறது.

மறுமொழி 5: மாற்றுக்கருத்து

செயற்கைக்கோள் பற்றிய விளக்கத்துக்கு நன்றி. குறி மாறிய கதையை நான் அறிந்திருக்கவில்லை. அதைத் தூய அளவீடு என்று நான் கருதியது தவறு என்று ஒப்புக்கொள்கிறேன்.

ஒன்றில் மட்டும் என் தயக்கம் போகவில்லை. உலக வெப்ப உயர்வை நிறுத்த முயல வேண்டும் என்று நாடுகள் ஒப்புக்கொண்ட 1.5 டிகிரி என்ற எல்லை எதிலிருந்து அளக்கப்படுகிறது? 2015-ஆம் ஆண்டின் பாரிஸ் ஒப்பந்தம் தொழில்மயத்துக்கு முந்தைய நிலை என்று சொல்கிறதே தவிர, எந்த ஆண்டுகள் என்று சொல்லவில்லை. 1850 முதல் 1900 வரையிலான சராசரியை அடிப்படையாகக் கொள்கிறார்கள். அந்தக் காலத்தில் தென் அரைக்கோளத்தில் எத்தனை நிலையங்கள் இருந்தன? அவ்வளவு மெலிந்த அடித்தளத்தின் மேல் தசமத்தில் எல்லை வகுப்பது எப்படி?

மறுமொழி 6: புள்ளியியலாளர்

இது சரியான இடத்தில் வைக்கப்பட்ட கேள்வி. பொது விவாதம் இதன் மேல் நடக்க வேண்டும் என்றே நான் விரும்புகிறேன்.

அந்த 1850–1900 சராசரியிலிருந்து 2024-ஆம் ஆண்டின் உயர்வைப் பாருங்கள். அமெரிக்காவின் கடல், வளிமண்டல நிர்வாக அமைப்பு 1.46 என்றது, நாசா 1.47, பிரிட்டிஷ் வானிலை அலுவலகம் 1.53, ஐரோப்பாவின் கோப்பர்னிகஸ் 1.60, பெர்க்லி 1.62. ஆறு தரவுகளைச் சேர்த்து உலக வானிலை அமைப்பு 1.55, கூட்டியோ குறைத்தோ 0.13 என்று அறிவித்தது. 2024-இல் உலகம் எவ்வளவு வெப்பமாக இருந்தது என்பதில் இந்தக் குழுக்களுக்கு இடையே பெரிய வேறுபாடு இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில், குறிப்பாகக் கடலில், எவ்வளவு குளிர்ச்சியாக இருந்தது என்பதில்தான் வேறுபடுகிறார்கள். வாளிகள் மறுபடியும் வந்துவிட்டன. 1980-க்குப் பிந்தைய போக்கை எடுத்துக்கொண்டால் இந்தச் சிக்கல் இல்லை. எல்லாத் தரவுகளும் ஒன்றையொன்று ஒட்டி நிற்கின்றன.

தரவு இல்லாத இடத்தை என்ன செய்வது என்பதும் இதில் அடங்கும். பிரிட்டிஷ் தரவின் பழைய பதிப்பில் ஆர்க்டிக்கின் பெரும்பகுதி வெறுமையாக விடப்பட்டிருந்தது. வெறுமையாக விட்டால் நடுநிலை என்று தோன்றும். உண்மையில், அந்த இடம் உலகச் சராசரி வேகத்தில்தான் வெப்பமாகிறது என்று கொள்வதற்கு அது சமம். ஆர்க்டிக்கோ அதைவிடப் பல மடங்கு வேகத்தில் வெப்பமாகி வருகிறது. கௌட்டனும் வேயும் 2013-இல் இதைச் சுட்டிக்காட்டினார்கள். அடுத்த பதிப்பில் இடைவெளி நிரப்பப்பட்டது.

ஓராண்டு 1.5-ஐத் தாண்டினால் பாரிஸ் எல்லை தாண்டப்பட்டதாகப் பொருள் இல்லை. அது நீண்டகாலச் சராசரியைக் குறிக்கிறது. பன்னாட்டுப் பருவநிலைக் குழு இருபதாண்டுச் சராசரியின் நடு ஆண்டைக் கொள்கிறது. அப்படியானால் தாண்டியதை உறுதியாகச் சொல்லத் தாண்டிய பின் பத்தாண்டுகள் காத்திருக்க வேண்டும். இது எனக்கு ஏற்புடையதாக இல்லை. போக்கைக் கொண்டு இன்றைய நிலையை மதிப்பிடும் முறை ஒன்று பொதுவாக ஏற்கப்பட வேண்டும். உங்கள் கேள்விக்கு என் நேரான விடை: 1.5 என்ற எண்ணின் தசமத்தில் ஒப்பந்தத்தின் பங்கும் உண்டு, இயற்கையின் பங்கு மட்டும் இல்லை. 1.4-க்கும் 1.6-க்கும் இடையே மலையிலிருந்து விழும் விளிம்பு ஏதும் இல்லை. ஒவ்வொரு தசமத்துக்கும் வெக்கையும் பெருமழையும் கூடுகின்றன.

மறுமொழி 7: கணக்காசிரியர்

உங்கள் அனைவருக்கும் என் நன்றி. பெரியவர் சொன்னபடி நிலையத்தின் வரலாற்றைத் தேடினேன். இரண்டு இடமாற்றங்கள் பதிவாகியிருக்கின்றன. போக்குக்கோடு உடையும் இரண்டு ஆண்டுகளும் அவைதாம். வெர்னியர் அளவியின் மூன்று பத்திகளை மாணவியிடம் சொன்னேன். சற்று யோசித்துவிட்டு, “சுழிப்பிழையை நான் அளக்கிறேன், ஐயா; வாளியின் பிழையை இவர்கள் எப்படி அளந்தார்கள்?” என்று கேட்டாள். பழைய வாளிகளைப் போலவே செய்து, காற்றில் வைத்து, நீர் குளிரும் வேகத்தை ஆய்வாளர்கள் அளந்திருக்கிறார்கள் என்று படித்துச் சொன்னேன். நாமும் செய்யலாமா என்கிறாள். நனைத்த துணிப்பை ஒன்றும், உலோக வாளி ஒன்றும், மின்விசிறி ஒன்றும் ஏற்பாடு செய்திருக்கிறேன். பள்ளியில் அதிகபட்ச வெப்பமானியும் ஒன்று இருக்கிறது. அதைப் பயன்படுத்துவது பற்றிப் பெரியவர் ஏதேனும் சொல்ல வேண்டும்.

மறுமொழி 8: ஓய்வுபெற்ற நோக்கர்

மிக்க மகிழ்ச்சி, ஐயா. அதே வகையைச் சேர்ந்த வெப்பமானி இன்னொன்று கிடைத்தால் இரண்டையும் ஒரே கூண்டில் வைத்து, ஒன்றைக் காலை எட்டு மணிக்கும் மற்றொன்றை மாலை ஐந்து மணிக்கும் மட்டும் படித்து உதறச் சொல்லுங்கள். ஒரு மாதம் போதும். இரண்டு சராசரிகளும் ஒன்றாக வரா. வானிலை ஒரே சீராக இருக்கும் மாதத்தைவிட, நாளுக்கு நாள் மாறும் மாதமாகப் பார்த்துத் தொடங்குங்கள்.

உதறுவதற்கு முன் கண்ட எண்ணை எல்லாரும் எழுதுவார்கள். உதறிய பிறகு பாதரசம் எங்கே வந்து நின்றது என்பதையும் பக்கத்திலேயே எழுதச் சொல்லுங்கள். மறுநாள் வந்து பார்க்கும்போது அதே எண் நின்றால், அது மறுநாளின் வெப்பம் அன்று, முந்தைய நாள் மிச்சம் வைத்தது என்று பிள்ளைகளுக்கே தெரிந்துவிடும். நாங்கள் பல ஆண்டுகள் அந்த இரண்டாவது எண்ணை எழுதாமல் விட்டுவிட்டோம்.